பழைய எல்சிடி மானிட்டர் எரியவில்லையா? அறிகுறியைப் பார்த்தே பழுதைப் பிடிக்கலாம்

பரணில் தூக்கிப் போட்ட பழைய மானிட்டர்கள் பலவற்றுக்கு வந்தது பெரிய நோயே இல்லை. பேனல் நன்றாக இருக்கும், மெயின் போர்டும் நன்றாக இருக்கும். பவர் போர்டில், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் குட்டி டப்பாவான, சில பத்து ரூபாய் பெறும் கெப்பாசிட்டர் ஒன்றிரண்டு உப்பிப்போய் மொத்தத்தையும் படுக்க வைத்திருக்கும். கடைக்குத் தூக்கிப்போனால் "போர்டு போச்சு சார், புதுசு வாங்கிக்குங்க" என்பார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து நோண்டினால் கூலிக்குக் கட்டாது. நம் சொந்த மானிட்டருக்கு நாமே உட்கார்ந்தால் கட்டும்.

நான் இங்கே சொல்வது ஏறத்தாழ 2003 முதல் 2011 வரை விற்ற எல்சிடி மானிட்டர்களுக்கு. திரைக்குப் பின்னால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் சிசிஎஃப்எல் என்னும் மெல்லிய குழல் விளக்கு வைத்தவை. பின்னொளி எல்இடியாக இருந்தாலும் பவர் போர்டு பற்றிய பகுதி பொருந்தும். பிக்சர் டியூப் வைத்த பழைய பெட்டி மானிட்டரை மட்டும் வீட்டில் திறக்கவே வேண்டாம். அதன் டியூபில் 25,000 வோல்ட் அளவுக்கு மின்சாரம் ஏறும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கும்.

திறக்காமலே செய்யும் மூன்று சோதனைகள்

ஸ்க்ரூ டிரைவரைத் தேடும் முன் கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிளைக் கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் போடுங்கள். "நோ சிக்னல்" என்றோ "செக் கேபிள்" என்றோ ஒரு கட்டம் திரையில் வந்தால் மானிட்டர் ஆரோக்கியம். கோளாறு கேபிளிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கிறது. ரேமைக் கழற்றித் துடைத்துப் போட்டதும் "மானிட்டர் சரியாயிடுச்சு" என்று சொன்னவர்கள் நிறையப் பேர்.

கட்டம் வராமல் பவர் லைட்டும் எரியவில்லை என்றால் பவர் கார்டை மாற்றிப் பாருங்கள். சிபியுவுக்குப் போகும் அதே மாதிரி கார்டுதான், அதைப் பிடுங்கி இதில் செருகினால் போதும். பின்பக்கம் தனியாக ஒரு ஆன் ஆஃப் சுவிட்ச் உள்ள மாடல்களும் உண்டு. வீடு கூட்டும்போது யாராவது தட்டிவிட்டிருப்பார்கள்.

மூன்றாவது டார்ச் சோதனை. லைட் எரிகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் கம்ப்யூட்டரை இணைத்து, அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகே சாய்வாகப் பிடியுங்கள். ஐகான்களோ மவுஸ் அம்போ மங்கலாகத் தெரிந்தால் படம் வந்துகொண்டுதான் இருக்கிறது, பின்னொளிதான் எரியவில்லை. ஒன்றுமே தெரியாவிட்டால் வேறு கதை. எந்த போர்டைப் பார்ப்பது என்பதை இந்த ஒரு சோதனையே பாதி முடிவு செய்துவிடும்.

திறக்கும்போது

பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பவர் போர்டில் கட்டைவிரல் தடிமனில் ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்கும். 230 வோல்ட் ஏசி, டிசியாக மாறி அதில் சுமார் 325 வோல்ட்டாக நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்கும் என்று நம்பக்கூடாது, பவர் போர்டு வேலை செய்யாத மானிட்டரில் நிச்சயமாக நம்பக்கூடாது. 60 வாட்ஸ் குண்டு பல்பை ஒரு ஹோல்டரில் மாட்டி, அதன் இரண்டு ஒயர்களையும் கெப்பாசிட்டரின் இரண்டு கால்களில் தொடுங்கள். கணம் பளிச்சிட்டு அடங்கும். பிறகு மல்டிமீட்டர் வைத்து 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் பண்ணிப் பொறி பறக்கவிடுவது சிலருக்கு வீரமாகத் தெரிகிறது. போர்டின் செப்புத் தடமும் டிரைவரின் முனையும்தான் போகும்.

ஒரு துண்டை விரித்துத் திரையைக் குப்புறப் படுக்க வையுங்கள். முதலில் ஸ்டாண்டு, பிறகு ஸ்க்ரூ. முன்சட்டம் பெரும்பாலும் கிளிப்பில்தான் நிற்கும். காலாவதியான ஏடிஎம் கார்டைக் கீழ் விளிம்பில் நுழைத்து நகர்த்தினால் டக் டக்கென்று விடும். பட்டன் போர்டுக்குப் போகும் ஒயர் அங்கேதான் இருக்கும், சட்டத்தை வெடுக்கென்று இழுக்காதீர்கள். விளக்குக்குப் போகும் இளஞ்சிவப்பு, வெள்ளை ஒயர்களைப் பிளக்கைப் பிடித்துத்தான் உருவ வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டைக்கு என்று ராத்திரி பத்து மணிக்கு யோசிக்க வேண்டியிருக்காது.

அறிகுறி 1: லைட்டே எரியவில்லை

தகரக் கவசத்துக்குள் பொதுவாக இரண்டு போர்டுகள் இருக்கும். கார்டு வந்து சேர்வது பவர் போர்டு. விஜிஏ கேபிள் வந்து சேர்வது மெயின் போர்டு. இப்போது நமக்கு வேலை பவர் போர்டில்.

முதலில் பியூஸ். மீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து இரண்டு முனைகளையும் தொட்டால் பீப் வர வேண்டும். வராவிட்டால் புதுப் பியூஸ் போட்டு உடனே பிளக்கில் செருகிவிடாதீர்கள். பியூஸ் சும்மா போகாது, அதற்குப் பின்னால் ஏதோ ஷார்ட் ஆகியிருக்கிறது. ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிபையரையும், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்கில் மாட்டியிருக்கும் மாஸ்ஃபெட் என்னும் மின் சுவிட்சின் கால்களையும் மீட்டரில் பாருங்கள். மீட்டர் ஒயர்களை இடம் மாற்றி வைத்தாலும் பீப் அடித்தால் அதுதான் குற்றவாளி. பியூஸுக்குப் பக்கத்தில் வட்டமான வில்லை மாதிரி ஒன்று கருகி வெடித்திருந்தால் அது வாரிஸ்டர், எகிறி வரும் வோல்டேஜைத் தான் வாங்கிக்கொள்ளும் காவல்காரன். தெருவில் நியூட்ரல் அறுந்து வீட்டுக்குள் 400 வோல்ட்டை ஒட்டி ஏறும் நாட்களில் முதலில் உயிரை விடுவது இதுதான். அந்த வோல்டேஜ் டிசியாக மாறினால் 560ஐத் தாண்டும். பெரிய கெப்பாசிட்டர் தாங்குவதோ அதன் மேல் எழுதியிருக்கிறபடி 400 அல்லது 450. எனவே வாரிஸ்டர் வெடித்திருந்தால் கெப்பாசிட்டரையும் சேர்த்தே சந்தேகப்படுங்கள்.

ஷார்ட்டான பாகத்தை மாற்றிய பின் முதல் முறை மின்சாரம் கொடுப்பது சீரிஸ் பல்பு, அதாவது மானிட்டருக்கு வரும் ஒயரில் தொடராக மாட்டிய பல்பு, வழியாகத்தான் இருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் அதே 60 அல்லது 100 வாட்ஸ் குண்டு பல்பு. ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் சரி. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது, அணைத்துவிட்டுத் திரும்பத் தேடுங்கள். இந்த வேலைக்கு எல்இடி பல்பு உதவாது.

பியூஸ் நன்றாக இருந்தால் மின்சாரம் கொடுத்து அளக்க வேண்டும். மீட்டர் டிசி 600 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் ரேஞ்சில் இருக்கட்டும். ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள், காலில் செருப்பு இருக்கட்டும். பெரிய கெப்பாசிட்டரை அளக்கும்போது மீட்டரின் கறுப்பு ஒயர் அந்தக் கெப்பாசிட்டரின் மைனஸ் காலில்தான் இருக்க வேண்டும். தகரச் சட்டத்தில் வைத்தால் அளவு தப்பாக வரும். டிரான்ஸ்பார்மருக்கு இந்தப் பக்கம் இருக்கும் கிரவுண்டும் அந்தப் பக்கம் இருக்கும் கிரவுண்டும் வேறு வேறு. போர்டின் அடியில் செப்பே இல்லாத ஒரு வெற்றுக் கோடு இரண்டையும் பிரித்துக் காட்டும்.

இங்கே 325 வருகிறது, மறுபக்கம் மெயின் போர்டுக்குப் போகும் பிளக்கில் 5 வோல்ட் வரவில்லை. அப்படியானால் நடுவில் கோளாறு. பவர் போர்டை இயக்கும் சில்லான கன்ட்ரோல் ஐசிக்குப் பக்கத்தில் 22 அல்லது 47 மைக்ரோபாரட், 50 வோல்ட் என்று எழுதிய ஒரு சுண்டைக்காய்க் கெப்பாசிட்டர் இருக்கும். ஐசி கண் விழித்து ஓடுவதற்கு அதுதான் தெம்பு கொடுக்கிறது. அது காய்ந்து போனாலும் வெளியே உப்பாது, பார்த்தால் புதிது மாதிரியே இருக்கும். எதையும் அளக்காமலே அதை மாற்றிவிடுவது என் வழக்கம். அதற்கும் மசியாவிட்டால் 325 வோல்ட்டிலிருந்து ஐசிக்கு வரும் அதிக ஓம் ஸ்டார்ட்டப் ரெசிஸ்டர் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி 2: லைட் மினுக்குகிறது, அல்லது வெகுநேரம் கழித்து வருகிறது

பச்சை லைட் விட்டு விட்டு மினுக்கும். காதை வைத்தால் டிக் டிக்கென்று சத்தம் கேட்கும். அல்லது காலையில் போட்டால் வராது, அரை மணி நேரம் கழித்துத் தானாக வரும், வந்த பிறகு நாள் முழுக்க நன்றாக ஓடும். இவை எல்லாமே பெரும்பாலும் வெளியீட்டுப் பக்கக் கெப்பாசிட்டர்களின் வேலை. 5 வோல்ட்டையும் 12 வோல்ட்டையும் ஒட்டிய லைன்களையும் சீராக்கும் 470, 680, 1000 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர்கள் இவை.

கண்ணால் பார்த்தே பலவற்றைப் பிடித்துவிடலாம். கெப்பாசிட்டரின் தலையில் கூட்டல் குறி போலவோ மூன்று கிளையாகவோ ஒரு வெட்டு இருக்கும். நல்ல கெப்பாசிட்டரின் தலை சமதளம், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரே சீராகப் பளபளக்கும். கெட்டதின் தலை விரல் நகத்தால் தடவினால் தெரிகிற அளவுக்குப் புடைத்திருக்கும். முற்றியிருந்தால் வெட்டின் ஓரத்தில் காய்ந்த பழுப்பு நிறப் பொருக்கு ஒட்டியிருக்கும். சிலது தலையை விட்டுவிட்டு அடியில் ரப்பரைத் தள்ளும். அப்போது கெப்பாசிட்டர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

அந்தக் காலத்து மானிட்டர்களில் இது இவ்வளவு சகஜமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1999ஐ ஒட்டித் தொடங்கி 2007 வரை, முக்கியமாகத் தைவானில் தயாரான பல கெப்பாசிட்டர்களில் இருந்த எலக்ட்ரோலைட் சரியில்லை. உள்ளே ஹைட்ரஜன் வாயு உருவாகி டப்பாவை உப்ப வைத்தது. மதர்போர்டு, மானிட்டர், டிவி என்று உலகம் முழுக்க அடிவாங்கின. நல்ல கெப்பாசிட்டருக்கும் வெப்பம் ஆகாது. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று போட்டிருந்தால், ஒவ்வொரு பத்து டிகிரி குறையும்போதும் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும். தினம் எட்டு மணி நேரம் ஓட்டினால் பதினோரு வருடம். மானிட்டரை வடிவமைத்தவர்களோ அதை ஹீட் சிங்குக்கு ஒட்டினாற்போல நட்டு வைத்திருப்பார்கள்.

உப்பாமல் கெட்டதைப் பிடிக்க மீட்டரின் கெப்பாசிட்டர் ரேஞ்சை மட்டும் நம்ப வேண்டாம். அளவு சரியாகக் காட்டும், உள் தடையோ எகிறியிருக்கும். அந்தத் தடையைத்தான் இஎஸ்ஆர் என்கிறார்கள். அதை அளக்கும் மலிவான டெஸ்டர்கள் கிடைக்கின்றன. நல்ல 1000 மைக்ரோபாரட் கெப்பாசிட்டரில் அது 0.1 ஓமை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும். ஒரு ஓமைத் தாண்டினால் குப்பை. டெஸ்டர் இல்லாவிட்டால் ஒரு குறுக்கு வழி: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தலை உலர்த்தும் டிரையரால் கெப்பாசிட்டர்களை மிதமாகச் சூடாக்கி, உடனே போட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் எடுத்த மானிட்டர் சட்டென்று வந்தால் சந்தேகமே வேண்டாம்.

மாற்றும்போது மைக்ரோபாரட் அதேதான் வேண்டும். வோல்டேஜ் அதேயோ அதற்கு மேலோ இருக்கலாம். 10 வோல்ட் இருந்த இடத்தில் 16 போடலாம், 16 இருந்த இடத்தில் 10 கூடாது. "லோ இஎஸ்ஆர், 105 டிகிரி" என்று கேட்டு வாங்குங்கள். 85 டிகிரி சாதாரணச் சரக்கைப் போட்டால் அடுத்த கோடையில் திரும்பவும் திறக்க வேண்டியிருக்கும். நிச்சிகான், ரூபிகான், பேனசோனிக், நிப்பான் கெமிக்கான் எதுவும் நம்பிக்கையானது. சென்னையில் ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும், ஆனால் லேபிளை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பழைய கெப்பாசிட்டரைக் கையோடு எடுத்துப் போங்கள். உயரம் அதிகமாக இருந்தால் தகரக் கவசம் மூடாது. ஒன்று உப்பியிருந்தாலும் அந்த வரிசை முழுவதையும் மாற்றிவிடுங்கள், பெரிய 400 வோல்ட்டுக்காரனைத் தவிர. அவன் சாமானியத்தில் கெடுவதில்லை.

போர்டில் சால்டர் இளகாமல் அடம்பிடித்தால் அது ஈயமில்லாச் சால்டர். ஐரோப்பாவில் 2006 ஜூலையில் ஈயத்துக்குத் தடை வந்த பிறகு பெரும்பாலும் அப்படித்தான். 183 டிகிரியில் இளகும் பழைய ஈயச் சால்டரை அதன் மேல் கொஞ்சம் உருக்கிவிட்டால், 217 டிகிரி கேட்கும் ஈயமில்லாச் சால்டரும் சேர்ந்து இளகி வரும். மைனஸ் பக்கம் எது என்று கழற்றும் முன்பே போட்டோவில் பதிவாகியிருக்க வேண்டும். பட்டை போட்ட பக்கம் மைனஸ் என்பது கெப்பாசிட்டருக்கு நிச்சயம், போர்டில் வரைந்த குறிக்கு அந்த நிச்சயம் இல்லை.

எல்லாம் மாற்றியும் மினுக்கினால் மெயின் போர்டுக்குப் போகும் பிளக்கைக் கழற்றிவிட்டு 5 வோல்ட்டை அளந்து பாருங்கள். இப்போது ஆடாமல் நின்றால் பவர் போர்டு நிரபராதி, மெயின் போர்டில் ஏதோ ஷார்ட்.

அறிகுறி 3: படம் வந்து இரண்டு நொடியில் இருண்டுவிடுகிறது

டார்ச் அடித்தால் படம் தெரிகிறது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் மறுபடி இரண்டு நொடி வெளிச்சம். இது இன்வெர்ட்டரின், அதாவது பின்னொளி விளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் பகுதியின், பாதுகாப்பு ஏற்பாடு. விளக்கைப் பற்றவைக்க ஆயிரம் வோல்ட்டுக்கு மேலும், எரிய வைக்கச் சில நூறு வோல்ட்டும் அது உருவாக்குகிறது. விளக்குகளில் ஒன்று சரியாகக் கரண்ட் இழுக்காவிட்டாலும் எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துவிடும். விளக்குப் பிளக்கில் மீட்டர் வைக்கவே கூடாது. அந்த வோல்டேஜுக்கும் அந்த வேகத்துக்கும் சாதாரண மீட்டர் தாங்காது, கையும் தாங்காது.

இதிலும் முதல் சந்தேகம் கெப்பாசிட்டர்தான். இன்வெர்ட்டருக்குப் போகும் 12 வோல்ட்டை ஒட்டிய லைனை விளக்கு எரியும்போது அளந்து பாருங்கள். தடாலென்று விழுந்தால் அறிகுறி 2க்குத் திரும்புங்கள். விழாமல் நின்றால் பிளக்கைப் பிடுங்கி, விளக்குக்குப் போகும் சிறு டிரான்ஸ்பார்மர்களின் அதிகத் தடையுள்ள சுற்றை ஓமில் ஒப்பிடுங்கள். ஒரே போர்டில் உள்ள ஒரே மாதிரி டிரான்ஸ்பார்மர்கள் ஏறத்தாழ ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று 900, மற்றது முடிவிலி என்றால் பழுது தெரிந்துவிட்டது. கால்களில் சால்டர் வளையமாக விரிசல் விட்டிருப்பதும் சகஜம். அதற்குத் திரும்ப ஒரு தடவை ஈயம் வைத்தாலே போதும்.

எல்லாம் சரி என்றால் மிச்சம் விளக்கு. முனை கருத்திருக்கும். அதற்கு முன்பே பல மாதங்களாகத் திரை போட்டவுடன் இளஞ்சிவப்பாக வந்து மெல்ல வெளுத்திருக்கும். அதே நீளத்தில் புது விளக்கைத் தேடி அலைவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எல்இடி பட்டியும் குட்டி டிரைவர் போர்டும் சேர்ந்த கிட் மலிவாகக் கிடைக்கிறது. நான்கு ஒயர்தான்: 12 வோல்ட், கிரவுண்ட், ஆன் ஆஃப், வெளிச்சக் கட்டுப்பாடு. பவர் போர்டின் பிளக் ஓரத்தில் பெயர்கள் அச்சடித்தே இருக்கும். பழைய இன்வெர்ட்டருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு இதை இணைக்க வேண்டும். உங்கள் லைன் 12க்கு மேல் 16, 18 என்று காட்டினால் கிட் அதைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். கடினம் பேனலைப் பிரிப்பதில் இருக்கிறது. கண்ணாடி விளிம்பில் ஒட்டியிருக்கும் பழுப்பு நிற பிலிம் ஒன்று கிழிந்தாலும் திரையில் நிரந்தரக் கோடு விழும். மின்விசிறியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். வெளிச்சத்தைப் பரப்பும் தாள்களுக்கு நடுவில் ஒரு தூசி மாட்டினால் ஆயுசுக்கும் அது ஒரு புள்ளி.

அறிகுறி 4: லைட் எரிகிறது, டார்ச்சிலும் ஒன்றுமில்லை

மெயின் போர்டில் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் மூன்று கால் ரெகுலேட்டர்கள் இருக்கும், மேலே 1117 என்ற எண் தெரியும். அகலமான தகட்டில் மீட்டரை வைத்தால் 3.3, மற்றொன்றில் 1.8 போன்ற அளவுகள் வர வேண்டும். 5 உள்ளே போய் வெளியே ஒன்றும் வராவிட்டால் ரெகுலேட்டரை மாற்றலாம். அதைத் தொட்டால் கை சுடுகிறது என்றால் அதற்குப் பின்னால் ஐசி ஷார்ட். அங்கே நின்றுவிடுவது உத்தமம்.

திரை முழுக்க வெள்ளையாக எரிந்து படமே வராவிட்டால் பேனலுக்குப் போகும் பட்டை கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஊர்விட்டு ஊர் வண்டியில் வந்த மானிட்டர்களில் இது சகஜம்.

அறிகுறி 5: நிறம் மாறித் தெரிகிறது

விஜிஏ பிளக்கின் 15 ஊசிகளில் முதல் மூன்றும் சிவப்பு, பச்சை, நீலம். திரை மஞ்சள் பூத்தால் நீலம் வரவில்லை, மெஜன்டாவானால் பச்சை வரவில்லை, நீலப்பச்சையானால் சிவப்பு வரவில்லை. ஊசி மடங்கியிருக்கும், இடுக்கியால் மெதுவாக நிமிர்த்துங்கள். ஒன்பதாவது ஊசி சில கேபிள்களில் பிறவியிலேயே இருக்காது, அதைத் தேடாதீர்கள்.

"அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று வந்தால் கம்ப்யூட்டரை சேஃப் மோடில் எழுப்பி ரெசல்யூஷனைக் குறையுங்கள். சதுர வாக்கில் உள்ள 17, 19 அங்குலத்துக்கு 1280×1024, 60 ஹெர்ட்ஸ். அகல 19க்குப் பொதுவாக 1440×900.

அறிகுறி 6: தானாக அணைகிறது, மெனு தானாக வருகிறது

பேய் இல்லை, பட்டன். ஈரக்காற்று பட்டு உள்ளே களிம்பு பிடித்த குட்டி சுவிட்ச், அழுத்தாமலே அழுத்தியது போலக் கசியும். பவரைப் போட்டு மானிட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டன் போர்டின் பிளக்கை உருவுங்கள். பிரச்சினை நின்றால் அந்தச் சுவிட்சை மாற்றுங்கள், ஒன்று சில ரூபாய்தான். உருவும்போது பவர் போர்டின் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 7: செங்குத்துக் கோடு

பேனலின் விளிம்பில் பிலிம் ஒட்டு விட்டிருக்கிறது. சட்டத்தை அழுத்தினால் கோடு மறையும், விட்டால் வரும். அட்டை மடித்துச் செருகும் வைத்தியம் கொஞ்ச நாள் ஓடும், அவ்வளவுதான். இதற்குக் காசு செலவு பண்ணாதீர்கள். நல்ல பவர் போர்டு, ஸ்டாண்டு, ஸ்பீக்கர் இருந்தால் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதை மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். விளக்குக் குழலை மட்டும் உடைக்காமல் கொடுங்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது.

சரியாக்கிய மானிட்டரை உடனே மூடிவிட வேண்டாம். பின்மூடி இல்லாமல், குழந்தைகள் கை படாத இடத்தில், இரண்டு மணி நேரம் ஓட விட்டு, அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெப்பாசிட்டரைக் காலி செய்த பிறகு புதுக் கெப்பாசிட்டர்களைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் மூடலாம். ஏதாவது ஒன்று மட்டும் சுட்டால் அது போலிச் சரக்கு, அல்லது தலைகீழாக மாட்டியது.